அக்காவின் கட்டில் உயரத்துக்கு ஒரு கார்

கார் பார்க்கப் போகிறவர்கள் விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒரு சவுக்குக் குச்சியைக் கொண்டு போனேன். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் என்னைப் பல் டாக்டராகத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் என்றால், மீதிப் பேருக்குக் குச்சியோடு ஷோரூமில் அலைந்த அம்மாவாகத்தான் தெரியும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அந்தக் குச்சியை வெட்டிக் கொடுத்தவர் மாமா, அதாவது என் அக்காவின் கணவர். செஞ்சி போகிற வழியில் வல்லத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவர்களுக்குச் சொந்தக் கொல்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் மாறி மாறி வைப்பார்கள். ஆவணியில் ஒருநாள் விடிகாலை அக்கா வாசலைக் கழுவிவிடும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எலும்பு டாக்டர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: உட்காரும்போது இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதனால் அக்காவின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். அந்த உயரத்தில்தான் அவளால் வலியில்லாமல் உட்காரவும் எழவும் முடிந்தது. தரையிலிருந்து மெத்தை வரைக்கும் அளந்து மாமா வெட்டிய குச்சிதான் நான் தூக்கிக்கொண்டு அலைந்தது.

எதற்காக இந்த அலைச்சல் என்றால், அக்கா மகளுக்கு ஏழாம் மாதம். முறைப்படி தாய் வீட்டுக்குக் கூட்டிவந்து வளையல் போட்டிருக்க வேண்டும். அக்கா படுத்துவிட்டதால், விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா சரி என்றாள். நீங்கள் எல்லாரும் போய் நல்லபடியாக முடித்துவிட்டு வாருங்கள் என்று கூடவே சொன்னாள்.

அவள் வரமாட்டேன் என்பதற்குக் காரணங்கள் வைத்திருந்தாள். என்னுடைய பழைய காரில் உட்கார்ந்தால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும். அதில் முழங்கால் மார்பைத் தொடும். வாடகைக்கு வரும் பெரிய வண்டிகளில் ஏற ஏணி வேண்டும். ஆம்புலன்ஸ் ஒன்று ஏற்பாடு செய்கிறேன் என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பாகப் போனது.

"நல்ல காரியம் நடக்கற வூட்டு வாசல்ல ஆம்புலன்ஸ்ல போயி எறங்கறதா? படிச்சவ பேசற பேச்சாடி இது?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்டது கோபத்தில் இல்லை, பயத்தில் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் வாசற்படியைத் தாண்டவே இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து கட்டிலுக்கும் நடப்பாள். விழுந்த இடம் கண்ணில் பட்டால் போதும், வந்த வழியே திரும்பிவிடுவாள். அங்கே விழுப்புரத்தில் மகளோ, அம்மா இல்லாமல் எனக்கு வளையலே வேண்டாம் என்று போனில் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இதில் உள்ளூரக் கொண்டாட்டம். அவர் மயிலத்தில் கல்லூரி வாத்தியார். கணக்குப் பாடம். கார் வாங்குவதைவிடக் கார் வாங்குவது பற்றி யோசிப்பதில் அவருக்கு ருசி அதிகம். சாப்பிடும்போதுகூடப் போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கோ பனிமலையில் யாரோ வண்டி ஓட்டுவதைப் பார்ப்பார். எங்கள் பழைய காருக்கு வயதாகிவிட்டதால் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. ஆக, அவருக்குக் குதிரைத்திறன், எனக்குக் குச்சி என்று ஆளுக்கொரு கணக்கோடு கிளம்பினோம்.

ஷோரூம் பையன்கள் பாவம். ஒருவன் மேற்கூரைக் கண்ணாடி திறப்பதைக் காட்டுவான், இன்னொருவன் பாட்டுப் பெட்டியை அலறவிடுவான். நான் கதவைத் திறந்து குச்சியைத் தரையில் ஊன்றி, சீட்டோடு சேர்த்துப் பார்ப்பேன். சாதாரணக் கார்களில் குச்சி சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஜீப் போல இருப்பவற்றில் சீட்டு குச்சிக்கு மேலே ஒரு சாண் போய்விடும். குச்சியும் சீட்டும் ஒன்றாக நின்ற ஒரு வண்டியும் கிடைத்தது. ஆனால் அது போன மழையில் அக்கா வீட்டு ஏரிக்கரைப் பாதையில் சிக்கி, டிராக்டர் வைத்து இழுக்கப்பட்ட அதே ஜாதி வண்டி. அந்தக் களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஐப்பசியில் வளைகாப்பை வைத்துக்கொண்டு அதை நம்ப முடியாது.

விழுப்புரம் பைபாஸில் பழைய கார்கள் விற்கும் ஒருவர் என்னிடம் பல் பார்த்துக்கொள்பவர். அவருடைய கடைவாய்ப் பற்கள் இரண்டும் இன்றைக்கு வேலை செய்வது என்னால்தான். அந்த விசுவாசத்தில் ஒருநாள் போன் செய்து, வெளிநாடு போகிற ஒரு டாக்டர் விட்டுப்போன வண்டி வந்திருக்கிறது, நம் ஊர்ப்பக்கம் இதை யாரும் வாங்கமாட்டார்கள், நீங்கள் ஒருமுறை குச்சியை வைத்துப் பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தோம். வெள்ளை நிறம். முன்பக்கம் கார் மாதிரி, பின்பக்கம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பின்கண்ணாடிகள் கறுப்பு. கூரையின் இரண்டு பக்கமும் கம்பி. ஸ்டேஷன் வேகன் என்று என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். கம்பெனிப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, விளம்பரம் போல ஆகிவிடும். பெயரைக் கேட்டால் பணக்காரத்தனமாக இருக்கும் என்பது மட்டும் உண்மை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, சாதாரண வேகனைவிடத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தது என்று அவர் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கதவைத் திறந்து குச்சியை வைத்தேன். குச்சியின் தலையும் சீட்டின் விளிம்பும் ஒன்றாக நின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், மேடுபள்ளம் தட்டவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வரும்போல இருந்தது. கடைக்காரர் எதிரில் அழுதால் விலையைக் குறைக்க மாட்டார் என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார்.

திண்டிவனம் வரைக்கும் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டினார், நான் குறை கண்டுபிடித்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பேர்தான் பெரிய பேர், உயரமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். இரண்டு பேருக்குச் சுகம், மூன்றாவது ஆள் நடுவில் மேட்டின் மேல் உட்கார வேண்டும். டயர் வெடித்தால் இந்த அளவு திண்டிவனத்தில் கிடைக்காது. சர்வீசுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். குடிக்கும் பெட்ரோலைப் பார்த்தால் நம் வயிறும் சேர்ந்து எரியும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் லாரிகளைத் தாண்டும்போது வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனது, ஆட்டமே இல்லை. செஞ்சி சாலையில் திரும்பியதும் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். பின்னால் இருந்த எனக்கே இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. அதற்காக ஒரு முறை மனதுக்குள் பாராட்டினேன், வாயால் சொல்லவில்லை. சொன்னால் மனிதரைப் பிடிக்க முடியாது.

ஏரிக்கரைப் பாதைக்கு வந்தபோது முந்தின நாள் மழையில் அது குழைந்து கிடந்தது. கரை முடியும் இடத்தில் டிராக்டர்காரர் வழக்கம்போல வண்டியை நிறுத்திக்கொண்டு, சிக்கப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். நம் ஊரில் மழை என்றாலும் மெதுவாகப் போனாலும் நாலு மூலை விளக்கையும் மினுக்கவிட்டால்தான் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவருக்கும் உண்டு. கணக்கு வாத்தியாராக இருந்தும் உண்டு. பொத்தானை அழுத்தினார். முன்விளக்குகள் பகலிலும் தாமாகவே எரிகிற வண்டி அது, அவற்றை அணைக்கும் வழி எங்களுக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் சேற்றில் ஒரு நொடி சுழன்றது. உடனே பின் சக்கரங்கள் தள்ளுவது முதுகில் தெரிந்தது. வண்டி வழுக்கவில்லை, உறுமவில்லை. நடந்து போகிற எருமை மாதிரி நிதானமாக ஏறி மறுபக்கம் இறங்கியது.

டிராக்டர்காரர் தொழில் போச்சே என்று முறைப்பார் என எதிர்பார்த்தேன். அவர் இறங்கி நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தாயா என்றார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். எதிரே பைக்கில் வந்த ஒருவர் ஓரமாக நிறுத்திச் செருப்பைக் கழற்றினார். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் வண்டிக்குப் பின்னால் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

நீளமான வெள்ளை வண்டி. கறுப்புக் கண்ணாடி. பகலில் எரிகிற விளக்கு. நாலு மூலையும் மினுக்கிக்கொண்டு ஊர்ந்து வருகிறது. போதாததற்கு, வாக்கரை ஏற்றினால் கடைக்காரருடைய வண்டியில் சேறு படுமே என்று பின்பக்கம் முழுவதும் நான் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்திருந்தேன். முன்கண்ணாடி வழியே பார்த்தால் பின் சீட்டில், பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவளின் கூடப்பிறந்த தங்கை. ஊர் வேறு எப்படி நினைக்கும்? எங்களுக்குத்தான் மூளை இல்லை.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அது அக்காவின் ஓரகத்தி வீடு. மாமாவின் தம்பி மனைவி. கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் தொடங்கிய சண்டையில், இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன நாளில்கூட அவள் வெளியே வரவில்லை என்று எனக்கு அவள்மேல் தீராத கடுப்பு. அவள் வண்டியைப் பார்த்தாள், பின்னால் வந்த ஆட்களைப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவள், பின்கண்ணாடியில் தலையை முட்டி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பக்கத்து வூட்ல இருந்துக்கினு ஒரு வாய்த் தண்ணி குடுக்காத பாவியா பூட்டேனே அக்கா. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு இருந்துட்டனே."

நான் அவளைப் பிடிக்கப்போனால் அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். அவளைத் தள்ளிவிடவும் முடியவில்லை. இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர், இல்லைங்க, இது டெஸ்ட் டிரைவுங்க என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதிலும் அது ஏறவில்லை.

அப்போதுதான் டக், டக் என்று வாக்கர் சத்தம் கேட்டது. அக்கா வந்துகொண்டிருந்தாள். கூடத்தைத் தாண்டினாள். வாசற்படியில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. வாக்கரை முதலில் இறக்கி, ஆபரேஷன் செய்த காலை அடுத்து இறக்கி, விழுந்த அதே இடத்தில் வந்து நின்றாள். தன் காலைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தைத்தான் பார்த்தாள்.

"யாருடி செத்தது?"

ஓரகத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். என்னை விட்டுவிட்டுப் போய் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள். பிறகு அக்கா எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, முன்னைவிட அதிகமாக அழுதாள். அக்கா குனியக் கூடாது. நின்ற வாக்கில் ஒரு கையால் அவள் அவிழ்ந்த முடியைக் கோதிக் கொடுத்தாள். அவிழ்த்துப் போட்டுக்கினு கெடக்காத, முடிஞ்சிக்கோ என்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

மாமா கடைசியாக வந்தார். யாரோ கொல்லைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். முழங்கால் வரைக்கும் சேறு, காலில் செருப்பில்லை. வாசலில் நின்றுகொண்டிருக்கும் மனைவியைப் பார்த்ததும் புது வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எப்படி வெளியே வந்தாய் என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அக்காவுக்குத் தான் நிற்கும் இடம் உறைத்தது. கீழே பார்த்தாள். வந்த வழியே திரும்ப வாக்கரைத் தூக்கினாள். ஓரகத்தி எழுந்து முதுகில் கை வைத்துக்கொண்டாள். அக்கா வாக்கரை அங்கேயே மறுபடி ஊன்றினாள்.

கூட்டம் சிரித்துப் பேசி, காபி குடித்துக் கலைந்ததும் என் வீட்டுக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டார். வண்டி எல்லாப் பரீட்சையிலும் பாஸ், ஆனால் ஊருக்குள் இதை ஓட்ட முடியாது, சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆம்புலன்ஸில் வரமாட்டேன் என்றவள், சவ வண்டி என்று ஊரே துண்டை அவிழ்த்த வண்டியிலா வருவாள்? நான் குச்சியை எடுத்துப் பின்பக்கம் போட்டேன். மகளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்தேன்.

அக்கா அந்தக் குச்சி எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். முன் கதவைத் திறக்கச் சொன்னாள்.

நான் ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைச் சீட்டின் மேல் விரித்தேன். அதன்மேல் உட்கார்ந்தால் இடுப்பைத் திருகாமல் வழுக்கித் திரும்பலாம். அக்கா வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டிலில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து நான் உள்ளே திருப்பினேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வலியில் ஒரு சுளிப்பு வந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்று. சுளிப்பு வரவில்லை. நன்றாகச் சாய்ந்துகொண்டு, எதிரில் இருந்த கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"செத்துட்டன்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிடி. ஊரே வந்து அழுதுட்டுப் பூடுச்சு. இதவிட ராசியான வண்டி எனக்கு எங்க கெடைக்கும்?"

ஆம்புலன்ஸ் ஆகாதாம், சவ வண்டி என்று ஊர் நினைத்த வண்டி ராசியாம். இந்த நியாயத்தை எந்தக் கல்லூரியிலும் விளக்க முடியாது. நான் விளக்கம் கேட்கவும் இல்லை. வாங்கிவிட்டோம்.

மயிலம் மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. மாலை போடலாமா என்று கேட்ட பூக்காரம்மாவிடம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், மாலை மட்டும் வேண்டாம் என்றேன். நாலு மூலை விளக்குப் பொத்தானின் மேல் என் வீட்டுக்காரர் கண் எதிரிலேயே ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன்.

வளைகாப்பு அன்று காலையிலும் மழைதான். ஏரிக்கரையில் டிராக்டர்காரர் நின்றிருந்தார், எங்களைப் பார்த்துத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். முன் சீட்டில் அக்கா. பின்னால் மாமா, ஓரகத்தி, நடுவில் மேட்டின் மேல் நான், மடியில் சித்திரான்னப் பாத்திரம். முட்டி இடித்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விழுப்புரத்தில் வாசலிலேயே வண்டியை நிறுத்தினோம். கதவைத் திறந்ததும் அக்கா இரண்டு காலையும் வெளியே திருப்பி, வாக்கரைப் பிடித்துத் தானே எழுந்து நின்றாள். படியில் காத்துக்கொண்டிருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அம்மாவும் மகளும் குனிய முடியாத ஆட்கள், நின்றபடியே கட்டிக்கொண்டார்கள். பொறுப்பாகப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அங்கே அழுதேன். கடைக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை.

அக்கா மகளுக்கு இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டாள். வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுத்தார்கள். அக்கா கைக்கு ஓரகத்திதான் பச்சை வளையலைப் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்தோம். ஏரிக்கரை ஏறும்போது பழக்க தோஷத்தில் என் வீட்டுக்காரர் கை பிளாஸ்திரியிடம் போனது. பின்னாலிருந்து ஓரகத்தி, அத்தத் தொடாதீங்க என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். டீக்கடை கண்ணில் பட்டதும் அக்கா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஈரக்காற்று உள்ளே வந்தது, சேறு தெறிக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. வளையல் போட்ட கையை வெளியே நீட்டிக் குலுக்கினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. உக்காந்துக்கினுதான் வர்றேன்."